உண்ணிச்செடியின் நஞ்சு: மாட்டுக்கு ஏன் ஆபத்து, காட்டுக்கு ஏன் பாரம்?

பெங்களூரு லால்பாக்கில் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு யானைக் கூட்டம் நின்றது. நிஜ யானையின் அளவு. உடம்பு முழுக்க வளைத்துக் கட்டிய குச்சி. அந்தக் குச்சி உண்ணிச்செடியினுடையது. வனத்துறையினர் அதை லாண்டானா என்கிறார்கள். அதே செடியை வேரோடு அகற்றத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அரசுப் பணம் செலவாகிறது. அதே செடியின் தோட்ட வகைகள் நகரத்து நர்சரிகளில் தொட்டியில் விற்கின்றன. தின்ற மாடு பிழைப்பது கடினம் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறியவர்களிலோ, அதன் கறுப்புப் பழத்தைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பறித்துத் தின்று வளர்ந்தவர்கள் ஏராளம்.

இவற்றில் எது சரி என்ற குழப்பம் வருவது இயல்பு. எல்லாமே சரிதான். இவற்றை ஒன்றாகக் கட்டிப்போடுவது அந்தச் செடியின் இலையில் இருக்கும் நஞ்சு. மாட்டின் ஈரலைக் கெடுக்கும் பொருள்தான், காட்டில் அதன்மேல் வாய்வைக்க ஆளில்லாமல் செய்திருக்கிறது. அந்த நஞ்சைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகத் தெளியும்.

எந்தச் செடி?

உண்ணிச்செடி என்றும் உண்ணிப்பூ என்றும் நாம் சொல்வது வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு புதர். ஈரம் கிடைத்தால் ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும். தண்டு நான்கு பட்டையாக இருக்கும். அதில் கீழ்நோக்கி வளைந்த சிறு முட்கள். இலையைத் தடவினால் உப்புத்தாளைத் தொட்டதுபோலச் சொரசொரக்கும். கசக்கி முகர்ந்தால் காரமும் புளிப்பும் கலந்த ஒரு நெடி ஏறும். கையைக் கழுவிய பிறகும் விரலில் நிற்கும்.

பூங்கொத்தைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். குடைபோல விரிந்த ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு. இரண்டு நிறப் பூக்கள் கலந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது வயது வேறுபாடு. ஓரத்துப் பூக்கள் முதலில் மலர்ந்தவை. மலரும்போது அவையும் மஞ்சள்தான். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் நிறம் மாறுகிறது. பட்டாம்பூச்சிகள் தேன் உள்ள மஞ்சள் பூவைத் தேடி அமர்கின்றன. நிறம் மாறிய பூக்கள் உதிராமல் நின்று, தூரத்திலிருந்து பார்க்கும் பூச்சிக்குக் கொத்தைப் பெரிதாகக் காட்டுகின்றன.

இந்த அழகுதான் அதைக் கப்பலேற்றியது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தோட்டக்காரர்கள் பல இனங்களைக் கலந்து நூற்றுக்கணக்கான வகைகளை உருவாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. ஆகவே நம் காடுகளில் இருப்பது ஒரே காட்டுச் செடியின் வாரிசு அல்ல; மனிதக் கை கலந்து கலந்து உருவாக்கிய ஒரு பெரிய கலப்புக் குடும்பம். ஒரு மலையில் ரோஜா நிறத்திலும் அடுத்த மலையில் செம்மஞ்சளிலும் பூப்பது அதனால்தான். இந்தக் கலப்புக்குப் பின்னால் ஒரு விலை உண்டு. பூச்சிகளைப் பற்றிச் சொல்லும்போது அது வரும்.

நெடி வேறு, நஞ்சு வேறு

பலரும் இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். இலையின் நுண்ணிய மயிர்களில் இருக்கும் எண்ணெய்தான் நெடிக்குக் காரணம். அது எளிதில் ஆவியாகும், பூச்சிகளை விரட்டும், முகர்வதால் யாருக்கும் நஞ்சேறாது. நஞ்சு லாண்டடீன் என்ற வேதிப்பொருள் தொகுதி. அதில் ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டும் முக்கியமானவை. இவை ஆவியாகிப் போவதில்லை. எனவே வெட்டிப்போட்ட கிளை வாடி நெடி குறைந்த பிறகும் இலையில் நஞ்சு அப்படியே இருக்கும். நெடியை எச்சரிக்கைப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். பலகை விழுந்துவிட்டதால் பள்ளம் மூடப்பட்டுவிட்டது என்று ஆகாது.

நம் மூதாதையருக்கு இந்த எச்சரிக்கை நன்றாகத் தெரிந்திருந்தது. ஆடு தொடாத செடிக்கு ஆடாதொடை என்றே பெயர் வைத்தார்கள். நொச்சி, எருக்கு, ஆமணக்கு என்று ஆடுமாடு தின்னாதவற்றைப் பார்த்து உயிர்வேலி அமைத்தார்கள். உண்ணிச்செடி வந்தபோது அதையும் அந்த வரிசையில் சேர்த்து வேலிக்கு நட்டார்கள். வேலிக்கு அது பொருத்தமான செடிதான். நொச்சியும் எருக்கும் நட்ட வரப்பில் ஏறத்தாழ நின்றன, இது நிற்கவில்லை.

மாட்டின் உடம்புக்குள் நடப்பது

அந்தந்த வட்டாரத்தில் மேய்ந்து பழகிய மாடு உண்ணிச்செடியை ஒதுக்கிவிடும். ஆபத்து மூன்று நேரங்களில் வருகிறது: வறட்சியில் வேறு பச்சை இல்லாதபோது, வெளியூர்ச் சந்தையில் வாங்கி லாரியில் பசியோடு இறக்கிய மாடு புது இடத்தில் மேயும்போது, வெட்டிய கிளைகளை மற்றத் தழையோடு கலந்து போடும்போது. தின்ற பிறகு நடப்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

1. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல்தொட்டி. தின்ற இலை அங்கே நெடுநேரம் கிடக்கிறது. லாண்டடீன் சிறிது சிறிதாகக் கரைந்து குடல்வழியே ஈரலுக்குப் போகிறது.

2. ஈரலில் பித்தநீர் வெளியேறும் நுண்குழாய்கள் செயலிழக்கின்றன. பித்தம் தேங்குகிறது. கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகின்றன; சிறுநீர் கருக்கிறது.

3. ஈரல் கெட்டதும் முதல் வயிற்றின் அசைவு நின்றுபோகிறது. மாடு தீவனத்தைத் தொடாது, சாணம் இறுகும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. வயிறு அசையாததால் தின்ற இலை வெளியேறாமல் உள்ளேயே தங்கி, மேலும் மேலும் நஞ்சைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் தின்றது பல நாள் தின்றதாகிறது. அதனால்தான் செடியிடமிருந்து மாட்டைப் பிரித்துக் கட்டினால் மட்டும் போதாது.

4. நான்காவது விளைவை வெயில் கொண்டுவருகிறது. புல்லின் பச்சையம் மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்களால் சிதைந்து ஃபில்லோஎரித்ரின் என்ற பொருளாகிறது. நலமான மாட்டில் அது பித்தநீரோடு வெளியேறிவிடும். பித்தம் தேங்கிய மாட்டில் அது இரத்தத்தில் கலந்து தோலுக்குப் போய்ச் சேர்கிறது. தோலில் வெயில் படும்போது அது ஒளியை வாங்கி அந்த இடத்தைப் புண்ணாக்குகிறது.

இந்த நான்காவது படியை எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பினப் பசுவிடம் கண்ணால் பார்க்கலாம். உடம்பில் கறுப்புத் திட்டுகள் இருக்கும் இடத்தில் தோல் நலமாகவே இருக்கும். வெள்ளைத் திட்டுகள் மட்டும் சிவந்து, வீங்கி, காய்ந்த அட்டைபோல விறைத்து உரியும். கோடு போட்டதுபோலக் கறுப்பின் விளிம்பில் புண் நின்றுவிடும். கறுப்பு நிறமி வெயிலைத் தடுப்பதே காரணம். மூக்கின் நிறமற்ற பகுதியும் காதோரமும் வெடிக்கும். அனேக்கல், அத்திப்பள்ளி, ஒசூர் எல்லையோரத்தில் நான்கைந்து கலப்பினப் பசுக்களை வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்கள் இதை வெறும் தோல்நோய் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால், மாட்டைக் காப்பாற்றும் நாட்கள் கழிந்துபோகும். வெள்ளைத் தோலில் மட்டும் புண், கண்ணில் மஞ்சள், தீவனத்தில் விருப்பமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும்.

சிகிச்சையின் நோக்கமும் மேலே சொன்ன மூன்றாவது படியிலிருந்தே வருகிறது: வயிற்றில் கிடக்கும் நஞ்சு இரத்தத்துக்குப் போகாமல் தடுப்பது. கால்நடை மருத்துவர் மருந்துக்கரியையோ பெண்டோனைட் களிமண்ணையோ கரைத்துக் குழாய் வழியாக அதிக அளவில் செலுத்துவார். நஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும். இது அடுப்புக்கரி அல்ல. உடம்புக்குள் செலுத்துவதற்காகவே பதப்படுத்திய கரி. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது உடனே பலன் தரும்: மாட்டை இருட்டான கொட்டகையில் கட்டி, வெயில் படாமல் வைப்பது. பிறகு மருத்துவரை வரவழைப்பது. தாமதமானால் ஓரிரு வாரங்களில் மாடு இறக்கக்கூடும்.

குழந்தைகள் தின்ற பழம்

பச்சைக் காய் கடினமானது. பழுத்ததும் கருநீலமாகி, மிளகைவிடச் சற்றுப் பெரிதாகப் பளபளக்கும். பழுத்ததைத்தான் பிள்ளைகள் தின்பார்கள். பச்சைக் காயே ஆபத்தானது என்ற கருத்து மருத்துவ நூல்களில் நெடுநாளாக இருந்தது. 1960-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு குழந்தை இறந்ததாக வெளிவந்த மருத்துவ அறிக்கை அதற்கு வலுச்சேர்த்தது. 2010-இல் கலிஃபோர்னியாவின் நஞ்சுத் தகவல் மையத்துக்கு வந்த 600-க்கும் மேற்பட்ட நேர்வுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. உண்ணிச்செடியைத் தின்ற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்கு வாந்தி, வயிற்றுக் கோளாறு, இறப்பு இல்லை.

மாடு ஒரு வேளையில் கிலோக் கணக்கில் இலை தின்கிறது. குழந்தை வாயில் போடுவது நான்கைந்து பழம். மாட்டின் ஊறல்தொட்டியும் மனிதனுக்கு இல்லை. ஆகவே அடுக்குமாடி வளாகத்தில் பிள்ளை ஒரு காயைக் கடித்துவிட்டால் பதற வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் செய்து தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொடர்ந்து வாந்தி, அசதி, மூச்சுத் திணறல் தென்பட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தின்னப்படாத செடி எப்படிக் காட்டைப் பிடிக்கிறது?

காட்டில் ஒரு செடியின் பரவலைக் கட்டுக்குள் வைப்பது அதைத் தின்னும் வாய்கள். மானும் காட்டெருதும் யானையும் புல்லையும் இளந்தளிரையும் தின்கின்றன, உண்ணிச்செடியை விட்டுவிடுகின்றன. அந்த ஒதுக்கலின் விளைவு ஆண்டுக்காண்டு கூடுகிறது. தின்னப்பட்ட புல் பின்வாங்கும் இடத்தில் தின்னப்படாத புதர் முன்னேறுகிறது. அதன் நிழலில் புல் முளைக்காது. அதன் இலையும் வேரும் மண்ணில் விடும் வேதிப்பொருட்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. முடிவில் புல்வெளி இருந்த இடத்தில் மனிதன் நுழைய முடியாத முள்சுவர் நிற்கிறது.

பரப்பும் வேலையைப் பறவைகள் செய்கின்றன. இலையில் நஞ்சு வைத்த செடி பழத்தில் இனிப்பு வைத்திருக்கிறது. சின்னானும் மைனாவும் பழத்தைத் தின்று, அடுத்த மரத்தில் அமர்ந்து எச்சமிடுகின்றன. ஒரு முதிர்ந்த செடி ஆண்டுக்கு 12,000 விதைகள் வரை தரும் என்பது நூல்களில் காணப்படும் கணக்கு.

விளைவின் அளவு பெரியது. 2020-இல் இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது 40 விழுக்காட்டுக்கு மேல், இந்தச் செடி நுழைந்திருக்கிறது. பெங்களூரின் விளிம்பில் இருக்கும் பன்னேர்கட்டாவிலும், தெற்கே பந்திப்பூரிலும், எல்லை தாண்டி முதுமலையிலும் அதைப் பார்க்கலாம். மான் மேய இடம் குறைந்தால் மான் குறையும். யானை தீவனம் தேடி வயலுக்கு வரும். மலையோரக் கிராமத்தில் இரவில் தகரம் தட்டி யானை விரட்டுபவரின் துயரத்துக்கு இந்தப் பூவும் ஒரு காரணம்.

சோலிகரின் சருகுத் தீ

காட்டில் தீயைத் தடுக்கும் நம் கொள்கையே இந்தச் செடிக்கு வழிவிட்டது என்று கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர் சொல்கிறார்கள். அதை நாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கோடை தொடங்கும் முன், சருகு மட்டும் எரியும்படி அவர்கள் சிறு தீ வைப்பது வழக்கம். ‘தரகு பெங்கி’ என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் தீ. தீ தாழ்வாக ஓடி அணையும். மரம் தப்பும், புல் துளிர்க்கும், உண்ணிச்செடியின் இளம் நாற்று கருகும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1974-இல் அந்த மலை சரணாலயமானது, தீ நின்றது. பெங்களூரைச் சேர்ந்த அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அங்கே 1997-லும் 2008-லும் ஒரே இடங்களை அளந்தபோது, இந்தச் செடி காணப்பட்ட இடங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன.

இதைக் கொண்டு தீ நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. புதர் ஏற்கெனவே ஆளுயரம் வளர்ந்துவிட்ட காட்டில், உச்சக்கோடையில் பிடிக்கும் தீ அதன் காய்ந்த குச்சிகளில் ஏறி மரத்தின் தலைவரை போகும். மரம் எரிந்து வெளிச்சம் விழுந்த இடத்தில், அடிவேரிலிருந்து முதலில் துளிர்ப்பது உண்ணிச்செடிதான். சோலிகரின் தீ நாற்றுக்கு மருந்து; முற்றிய புதருக்கு அதே தீ உரம்.

வெட்டினால் ஏன் திரும்ப வருகிறது?

தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் மொட்டுகள் உறங்குகின்றன. மேலே வெட்டினால் அவை எல்லாம் விழித்து, ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு வரும். இயந்திரத்தால் புரட்டினால் மண் கிளறப்பட்டு, புதைந்த விதைகள் முளைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் உடன் பணியாற்றியவர்களும் கார்பெட் காட்டில் செய்து காட்டிய முறை இந்த இரண்டையும் தவிர்க்கிறது.

1. காய் பழுக்கும் முன் வேலையை முடிக்க வேண்டும்.

2. புதரைச் சுற்றித் தோண்டாமல், மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே, மொட்டுக் கழுத்துக்கு அடியில் ஆணிவேரை மட்டும் வெட்ட வேண்டும்.

3. வெட்டிய புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானம் பார்க்கும்படி போட வேண்டும். மண்ணில் பட்ட தண்டு மறுபடி வேர்விடும் என்பதால் இது தேவை.

4. அடுத்த மழைக்குப் பிறகு, பறவைகள் அமரும் மரங்களின் அடியிலும் ஓடைக்கரையிலும் முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். அதற்கடுத்த மழைக்குப் பிறகும்.

5. வெறும் மண்ணாக விடாமல் உள்ளூர்ப் புல்லை விதைக்க வேண்டும்.

நான்காவதும் ஐந்தாவதும்தான் உயிர்நாடி. ஒப்பந்தங்களில் முதலில் விடுபடுவதும் அவைதான். இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, மூன்று மழைக்குப் பிறகு அங்கே என்ன நிற்கிறது என்று கேட்க வேண்டும். 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று வெளியிட்ட கொள்கை, அகற்றுவதையும் காட்டை மீட்பதையும் ஒன்றாகவே பேசுகிறது; அதன் நல்ல அம்சம் அது.

பூச்சிகளை ஏவும் வழியும் பழையது. ஹவாய்த் தீவுகளில் 1902-லேயே மெக்ஸிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தியாவுக்கு 1941-இல் ஓர் இலைப்பூச்சி வந்தது. எங்கும் முழு வெற்றி இல்லை. ஒரு வகையை விரும்பும் பூச்சி இன்னொரு கலப்பு வகையைத் தொடுவதில்லை. தொட்ட செடியும் மழை வந்ததும் துளிர்த்துவிடுகிறது. கலப்புக்குக் கொடுக்கும் விலை என்று முன்பு சொன்னது இதைத்தான்.

நாற்காலியும் யானையும்

தண்டைக் கொதிநீரில் வேகவைத்துப் பட்டையை உரித்தால் பிரம்புபோல வளையும். நஞ்சு இலையில்தான் மிகுதி என்பதால் உரித்த தண்டில் செய்த நாற்காலியில் அமர அஞ்ச வேண்டாம். மாதேஸ்வரன் மலையில் சோலிகர் இதில் மேசை நாற்காலி முடைகிறார்கள்; லால்பாக்கில் நின்ற யானைகள் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிக் கைவினைஞர்களின் கையால் ஆனவை. பிரம்புக்கும் மூங்கிலுக்கும் மாற்று கிடைப்பதும் காட்டுமக்களுக்குக் கூலி கிடைப்பதும் பெரிய நன்மை. ஆனால் கைவினைக்கு வேண்டியது நேரான, தடித்த தண்டு மட்டும். அதை மேலே வெட்டி எடுத்தால் போதும். காட்டுக்கு வேண்டியதோ ஆணிவேர் போவது. வேரையும் வெட்டினால்தான் கூலி என்று ஏற்பாடு இருக்கும் இடத்தில் மட்டுமே இரண்டும் ஒன்றுசேரும்.

நகரத்து வீட்டில்

நர்சரியில் ‘விதை வைக்காத வகை’ என்று விற்பதை முழுமையாக நம்ப முடியாது. காய் அரிதாகப் பிடித்தாலும், அதன் மகரந்தம் வேலியோரத்து உண்ணிச்செடியோடு கலக்க முடியும். பன்னேர்கட்டா சாலையிலோ கனகபுரா சாலையிலோ, காடும் ஏரிக்கரையும் பக்கத்தில் இருக்கும் குடியிருப்புகள் இதை நடாமல் இருப்பதே நல்லது. அதே மஞ்சளும் சிவப்பும் வேண்டுமென்றால் இட்லிப்பூச் செடி இருக்கிறது.

ஏற்கெனவே நட்டிருந்தால், கவாத்து செய்த தழையைச் சாலையோரக் குப்பையில் கொட்டாதீர்கள். பெங்களூரின் தெருக்களில் மேயும் பசுக்கள் அந்தக் குவியலைக் கிளறும். நெடி போன வாடிய இலையை, காய்கறிக் கழிவோடு சேர்ந்து கிடந்தால், எந்த மாடும் ஒதுக்குவதில்லை. தழையைத் தனிச் சாக்கில் கட்டி, தோட்டக் கழிவு எடுக்கும் வண்டியில் கொடுங்கள். மாடு வளர்ப்பவர் தீவனத்துக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.